அவதாரம் எடுக்காதவர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு நினைவுமலரின் அச்சுப்பிரதி பிழைதிருத்தத்துக்காக என்னிடம் வந்தது. ஊரில் இதைக் 'கல்வெட்டு' என்போம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில், சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, ஒன்று வந்து சேரும். தேவாரம், இரங்கற்பா, வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். பாரிஸுக்கு வந்தபின் அட்டை பளபளப்பாகியதே தவிர உள்ளே எதுவும் மாறவில்லை. இந்த மலரின் முதற்பக்கத்தில் அந்த அம்மாவின் படம். இடப்புறத்தில் 'அவதாரம்' என்று போட்டு 1949ஆம் ஆண்டுத் திகதி ஒன்று. வலப்புறத்தில் 'சிவபதம்' என்று போட்டு மற்றத் திகதி.

நான் 'அவதாரம்' என்பதை வெட்டிப் 'பிறப்பு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்றிரவே தொலைபேசி. மலரைத் தொகுத்தவர் என் நெடுநாள் நண்பர், கவிதையும் எழுதுகிறவர்.

"அண்ணை, நீங்கள் வெட்டினது சரியில்லை. அவதாரம் எண்டால் உடலெடுக்கிறதுதானே. ஆர் பிறந்தாலும் உடலெடுத்துத்தானே பிறக்கினம்? பிறப்பு எண்டு போட்டால் மொட்டையாய்க் கிடக்கு."

"மொட்டையாய்க் கிடக்கட்டும்" என்றேன். அவர் விடவில்லை. பிரெஞ்சில் 'அன்கார்னாசியோன்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் அவதாரம் என்பதைத் தவிர வேறு சொல் உண்டா என்று கேட்டார். ஒரு மணி நேரம் கதைத்தோம். தொலைபேசியை வைத்த பிறகும் எனக்குக் கோபம் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்று தொடங்குவது எங்கள் சஞ்சிகைகளின் மரபு. எனக்குக் கொஞ்சம் அந்த நோக்கம் இருக்கிறது.

முதலில் சொல்லை எடுப்போம். அவதாரம் என்பதற்கு உடலெடுத்தல் என்று பொருளில்லை. 'அவ' என்றால் கீழே. 'த்ரு' என்ற வினையடி கடத்தலைக் குறிப்பது. தீர்த்தம் என்ற சொல்லும் அதிலிருந்துதான் வருகிறது. மேலிருந்து கீழே கடந்து வருவது, இறங்குவது, இவ்வளவுதான் அவதாரம். உடம்பு இந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை. மேலே ஏற்கெனவே முழுதாக இருக்கிற ஒருவர், ஏதோ ஒரு காரியத்துக்காகக் கீழே வருகிறார். மீனாக வரலாம், ஆமையாக வரலாம், பன்றியாக வரலாம். காரியம் முடிந்தால் போய்விடலாம். உடம்பு அவருக்கு இறங்குதுறை மாதிரி. (கீதையில் கண்ணன் யுகந்தோறும் பிறப்பதாகச் சொல்லும் புகழ்பெற்ற இடத்தை எல்லோரும் அவதாரத்துக்கு மேற்கோள் காட்டுவார்கள். அங்கே அவதாரம் என்ற சொல்லே கிடையாது என்பதை யாரும் கவனிப்பதில்லை.)

அவதாரத்துக்கு ஒரு 'ஏன்' கட்டாயம் இருக்கும். இரணியனைக் கொல்ல, மாபலியை அமுக்க, பூமியின் பாரம் குறைக்க. நீங்களும் நானும் ஏன் பிறந்தோம்? தகப்பனும் தாயும் கூடினார்கள், பிறந்தோம். இந்தக் காரணமின்மைதான் மனிதப் பிறப்பின் அடையாளம். அதனால்தான் அது எந்த நியாயமும் கேளாமல் மதிக்கப்படவேண்டியது. அவதாரம் என்ற சொல்லை ஒரு மனிதர் மேல் போடுகிறபோது நாங்கள் அவரை உயர்த்துவதாக நினைக்கிறோம். அவருடைய உடம்பை அவரிடமிருந்து பிடுங்கி ஒரு காரியத்துக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பது பிறகுதான் தெரியவரும்.

மறுதரப்பின் வலுவான வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், நண்பர் சொல்லாததால். வைணவர்கள் அவதார உடம்பைப் பொய்த்தோற்றம் என்று சொல்வதில்லை. இராமாநுசர் அது மாயையல்ல, மெய்யான உடம்பு என்றே வாதிட்டார். ஆனால் அதே மூச்சில், அது எங்கள் உடம்பு போன்ற பிரகிருதியால் ஆனதல்ல, வினையால் வந்ததல்ல என்றும் சொன்னார். எனக்கு வைணவத்தில் மனதுக்குப் பிடித்தது வேறொன்று: அர்ச்சாவதாரம். கோயிற் சிலையாக நிற்கும் பெருமாள். அவரைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும், உடுத்த ஆள் வேண்டும், சோறு வைக்க ஆள் வேண்டும். தன்னை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்ட கடவுள். அவதார வகைகளிலேயே உடம்புக்கு மிகக் கிட்ட வந்தது, கல்லால் ஆன இதுதான் என்பது வேடிக்கை.

சைவத்திலோ சங்கதி இன்னும் தெளிவு. சிவன் கருவில் வந்து பிறப்பதில்லை என்பதில் சித்தாந்திகள் விட்டுக்கொடுத்ததே கிடையாது. சிலப்பதிகாரம்கூட அவனைப் பிறக்காத உடம்புடையவன் என்றுதான் குறிக்கிறது. நாயன்மார் பிறந்த ஊர்களை 'அவதாரத் தலம்' என்று எழுதும் வழக்கம் எங்களிடம் புகுந்துவிட்டது உண்மை. இருந்தும், ஒரே பக்கத்தில் இந்தப் பக்கம் அவதாரமும் அந்தப் பக்கம் சிவபதமுமாக இருப்பது, திருமாலாகப் பிறந்து சிவனிடம் போய்ச் சேர்ந்த கணக்காகிறது. அந்த அம்மா புங்குடுதீவில் பிறந்து பாரிஸின் புறநகர் ஒன்றில் செத்தவர்.

இப்போது நண்பரின் பிரெஞ்சுச் சொல்லுக்கு வருவோம். 'அன்கார்னாசியோன்' என்ற சொல்லின் நடுவில் கிடப்பது இலத்தீன் 'காரோ, கார்னிஸ்'. இறைச்சி. கார்னிவல் என்ற கொண்டாட்டத்தின் பெயரிலும் இந்த இறைச்சிதான் இருக்கிறது, தவக்காலத்தில் இறைச்சியை விலக்குவதற்கு முந்திய நாட்கள் என்ற அர்த்தத்தில். ஆக, பிரெஞ்சுக்காரன் சொல்வது 'இறைச்சிக்குள் ஆகுதல்'. யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வருகிற கிரேக்கச் சொல் 'சார்க்ஸ்', அதுவும் தசைதான். பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'மாம்சம்' என்று போட்டது. அவதாரம் என்ற சொல் கையெட்டும் தூரத்தில் கிடந்தது; தேவாலயப் பேச்சில் 'மனுஷாவதாரம்' என்று தாராளமாகப் புழங்கவும் செய்தது. ஆனாலும் மூல வசனத்தில் மாம்சத்தை வைத்தார்கள். நான் சைவப் பிள்ளையாக வளர்ந்தவன். பக்கத்து வளவுக் கிறிஸ்தவ வீட்டில் நத்தார் நாளில் அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது அருவருத்தது ஞாபகமிருக்கிறது. எங்கள் வீட்டில் மாம்சம் என்றால் கறிக்கடை. பின்னாளில்தான் அந்த அருவருப்பே அந்தச் சொல்லின் வேலை என்று விளங்கியது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதை 'மனிதர்' என்று மாற்றிக்கொண்டது. வாசிக்க இலகு. மணம் போய்விட்டது.

ஆரம்பகாலக் கிறிஸ்தவத்தில் ஒரு கூட்டம் இருந்தது. யேசு உண்மையில் உடம்போடு இருக்கவில்லை, இருப்பதுபோல் தோன்றினார், சிலுவையில் வலித்ததும் தோற்றம்தான் என்றது. 'தோன்றுதல்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்தே அவர்களுக்குப் பெயரும் வந்தது. தமிழில் தோற்றவாதிகள் என்னலாம். திருச்சபை அவர்களைக் கடுமையாக மறுத்தது. எனக்குத் திருச்சபையின் மீது பெரிய காதல் கிடையாது. ஆனால் இந்த ஒரு விடயத்தில் அவர்கள் எதைக் காப்பாற்றப் பிடிவாதம் பிடித்தார்கள் என்று பாருங்கள்: வலித்தது என்பதை.

எங்கள் மரண அறிவித்தல்களைத் திறந்து பாருங்கள். தோற்றம் - மறைவு. மலர்வு - உதிர்வு. மண்ணில் - விண்ணில். ஒருவரும் பிறப்பதில்லை, ஒருவரும் சாவதில்லை. கனவுக்குள் உருவங்கள் வந்து போவதுபோல் வந்து போகிறார்கள். தோற்றவாதிகளின் கடைசிச் சபை லாச்சப்பலிலும் ரொறன்ரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும்தான் நடக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். 1991இல் தீவை விட்டு யாழ்ப்பாணம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, இலட்சக்கணக்கான சனத்தோடு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி. பிறகு வன்னி. பிறகு பிள்ளைகள் காசு கட்டி இங்கே. பதினாலு வருடம், விடிய நாலரைக்கு எழும்பி, முதல் மெட்ரோவில் போய், கந்தோர்களில் நிலம் துடைத்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து, ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை செய்து, மற்றதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர். "மேலெல்லாம் உளையுது தம்பி" என்பார். மலரில் இந்த முழங்கால்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 'அன்பின் அவதாரம்', 'பொறுமையின் வடிவம்', 'தியாகத்தின் உருவம்' என்று மூன்று இரங்கற்பா. அன்பும் பொறுமையும் தியாகமும் மேலிருந்து இறங்கி அவருடைய தோலைப் போட்டுக்கொண்டு வந்தனவாம். தியாகத்தின் உருவத்துக்கு முழங்கால் நோகுமா? நோகாது. நோகாது என்பதால்தான் அந்தச் சொற்கள் பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கின்றன.

பிரெஞ்சு மொழி இந்த விடயத்தில் ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறது. எங்கள் அவதாரத்தை அவர்களும் வாங்கி 'அவதார்' ஆக்கினார்கள். தெயோஃபில் கோத்தியே 1856இல் அந்தப் பெயரில் ஒரு கதையே எழுதினார். பாவனையில் அடிபட்டு அடிபட்டு, அந்தச் சொல் இன்று பேச்சுப் பிரெஞ்சில் இடர், அலைக்கழிவு என்றும் அர்த்தமாகிவிட்டது. அகராதிக்காரர் அதைப் பிழை என்கிறார்கள், சனம் கேட்பதில்லை. இந்த அர்த்தத்தில் எடுத்தால் அந்த அம்மா எடுத்த அவதாரங்களுக்குக் கணக்கில்லை. பெரிஃபெக்சர் வாசலில் விடியப்புறம் நின்ற வரிசை மட்டும் பத்துக்கு மேல் வரும்!

கொம்பியூட்டர்க்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1980களில் விளையாட்டுகளுக்குள் புகுந்து, 1992இல் ஒரு அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை வழியாகப் பரவி, இப்போது என் பேரனுக்கு அவதார் என்றால் திரையில் அவனுக்குப் பதிலாக ஓடுகிற பொம்மை. சுட்டால் விழும், பொத்தானை அழுத்தினால் எழும்பும். உடம்பில்லாதது என்ற அளவில் அவன் சொல்லை என் நண்பரைவிடச் சரியாகவே விளங்கி வைத்திருக்கிறான்.

விளையாட்டாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இதே சொல்லை நாங்கள் தலைமைக்கும் பாவித்தோம். மேடையில், பாட்டில், பிறந்தநாள் மலர்களில் 'அவதாரம்', 'சூரியதேவன்'. அன்றைக்கு அதைக் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அவதாரத்திடம் கணக்குக் கேட்க முடியாது. மனிதனிடம் கேட்கலாம். இன்னொன்று, அவதாரத்துக்குப் பிரேதம் கிடையாது. 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதரின் சாவைச் சாவென்று சொல்ல முடியாமல் புலம்பெயர்ந்த ஒரு சமூகம் வருடக்கணக்காக உறைந்து நின்றது. 2023 பெப்ரவரியில்கூடத் தஞ்சாவூரிலிருந்து 'உயிரோடு இருக்கிறார்' என்று பத்திரிகையாளர் மாநாட்டில் அறிவித்தார்கள். அவருக்காகப் போராடியவர்களே அவருக்கு ஒரு விளக்கு வைக்க முடியாமல் போனது சொல்லின் கொடுமை. அதே கடற்கரையில் அதே மாதங்களில் செத்த மற்றவர்கள் எண்ணாகிப் போனார்கள். நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. மேலே ஒரு அவதாரம், கீழே ஒரு எண். நடுவில் உடம்போடு ஒருவரும் இல்லை.

'வித்துடல்' என்ற சொல்லைப் பற்றியும் நான் பேசாமல் விட்டால் நேர்மையாகாது. அதைப் பகிடி பண்ண என்னால் முடியாது. அந்தச் சொல்லுக்குள் தலை வைத்து அழுத தாய்மாரை எனக்குத் தெரியும். துயிலும் இல்லங்களை இராணுவம் உழுது புரட்டியபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் சொல்கிறேன்: பத்தொன்பது வயதுப் பெண்ணின் உடலை வித்து என்று அழைக்கிறபோது, அடுத்த பத்தொன்பது வயதுக்காரிக்கு அதில் ஒரு அழைப்பு இருக்கிறது. பெற்றவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மேடையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருப்பாள். வீட்டில், "என்ரை பிள்ளையின்ரை பொடியை எனக்கு முழுசாய்க் காட்டேல்லை" என்றுதான் சொன்னாள்.

பொடி! இங்கிலிசுக்காரனின் சொல். பொடி எப்ப வருகுது, பொடியை எங்கை வைச்சிருக்கினம், பொடி எடுத்தாச்சோ. செத்த வீட்டில் நாங்கள் எல்லோரும் பாவிக்கிற சொல் இதுதான், மலரில் ஒருநாளும் அச்சேறாத சொல்லும் இதுதான். கொச்சை என்கிறார்கள். இருக்கட்டும், அதில் பாரம் இருக்கிறது. நாலு பேர் தூக்கவேண்டிய பாரம்.

தமிழில் சொல் இல்லை என்று நண்பர் சொன்னதுதான் என்னை அதிகம் சுட்டது. எங்களுக்கு இல்லாத உடம்புச் சொல்லா! யாக்கை: யாத்தல் என்றால் கட்டுதல், எலும்பும் நரம்பும் தசையும் சேர்த்துக் கட்டிய கட்டு. செய்யுளைக் கட்டுவதற்கும் யாப்பு என்றே சொன்னார்கள். மெய்: உடம்பும் அதுதான், உண்மையும் அதுதான். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழிக்காரர்கள் 'தோற்றம்' என்று போட்டுக்கொள்கிறோம். உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்றது, எட்டு வகை என்று ஒரு இயலே எழுதியது. அழுகை உடம்பில் தெரியாவிட்டால் அது அழுகையே இல்லை என்ற மாதிரி.

எழுத்துக்குப் போனால் இன்னும் அழகு. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, சேர்ந்தால் உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு. அரிவரி படிக்கிற பிள்ளைக்கே உயிரும் உடம்பும் சேர்வதைத்தான் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். மெய் தனித்து இயங்காது, அகரம் சேர்ந்தால்தான் அசையும் என்கிறது இலக்கணம். இங்கே உயிர் மேலே எங்கோ முழுதாக இருந்துகொண்டு இறங்கி வருவதில்லை. 'க' என்ற எழுத்தில் எது இறங்கியது, எது ஏற்றது என்று பிரிக்க முடியுமா? சேர்ந்தபின் அது மூன்றாவது ஒன்று. அன்கார்னாசியோனுக்குத் தமிழ் கேட்டார் நண்பர். உயிர்மெய்யாதல் என்று சொல்லிப் பார்க்கலாம். இல்லையென்றால் உடம்பாதல். அதுவும் வேண்டாமென்றால் பிறத்தல் என்று பழைய சொல் ஒன்று கைவசம் இருக்கிறது.

ஊர்க்கோயில்களில் உரு வந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தெய்வம் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருடைய உடம்பில் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்ன வீட்டு இன்னார். ஆடி முடிந்ததும் தண்ணி கொடுத்து, வேர்வை துடைத்து, கைத்தாங்கலாக இருத்துவார்கள். தெய்வத்தை வணங்கியவர்கள் உடம்புக்குரியவரை மறக்கவில்லை. அவதாரப் புகழ்ச்சியில் இந்தத் தண்ணிச்செம்பு இல்லை.

கடைசியாக ஒரு சட்டச்சொல். ஆட்கொணர்வு மனு. மூலம் இலத்தீன், 'ஹேபியஸ் கோர்ப்பஸ்'; ஆளின் உடலைக் கொண்டு வந்து முன்னிறுத்து என்று அரசுக்கு இடும் கட்டளை. முள்ளிவாய்க்காலில் கையளித்த கணவன்மாரையும் பிள்ளைகளையும் கேட்டு எங்கள் பெண்கள் வன்னியின் நீதிமன்றங்களில் வைத்தது இந்த மனுவைத்தான். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போய் இருந்தவர்கள் கேட்டதும் அதைத்தான். அவர்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். பதிலாக வந்ததெல்லாம் வேறு சொற்கள்: காணாமற்போனோர், இழப்பீடு, சான்றிதழ். 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. குழந்தைகளுடையவையும் இருந்தன. நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்றும் ஒரு பொம்மையும் கூட வந்தன. ஊர்ப் பத்திரிகைகள் 'மனித என்புத் தொகுதிகள்' என்று எழுதுகின்றன, நாளுக்கு நாள் இலக்கமிட்டு. அவசரத்தில் செய்த ஒரு அலுவலகச் சொல்தான். ஆனால் மலர்வு - உதிர்வு எழுதிய கை அங்கே நடுங்கி நின்று, என்பு என்று எழுதியிருக்கிறது.

இங்கே, ஆசுப்பத்திரியின் பிணவறையில் அந்த அம்மாவின் மகளுக்காகப் படிவம் நிரப்பியவன் நான்தான். பிரெஞ்சில் 'கோர்' என்றிருந்தது, உடல். உயரம் கேட்டார்கள், பெட்டி செய்வதற்காக. மகளுக்குத் தெரியவில்லை. "என்ரை தோளுக்குக் கிட்ட வருவா" என்று கையை வைத்துக் காட்டினார். உத்தியோகத்தர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வந்து, மகளின் தரையிலிருந்து தோள்வரை அளந்து எழுதிக்கொண்டார்.

மலர் அச்சாகி வந்துவிட்டது. 'பிறப்பு' என்று போட்டிருக்கிறார்கள். 'சிவபதம்' அப்படியே இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை. இரங்கற்பாக்களும் அப்படியேதான். மூன்றாவதற்குக் கீழே, நண்பர் என்னைக் கேளாமல் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: முழங்கால் சத்திரசிகிச்சை செய்த ஆண்டும், எந்தக் கால் என்பதும்.